ஏணிக்காரனைத் துடைத்தவள்

அண்ணன் குரல் நடுவில் நின்றுபோனதும் பஞ்சு அலசுவதை நிறுத்தினாள்.

அவள் குகையின் பக்கத்து அறையில், தண்ணீர்த் தொட்டி ஓரமாகக் குந்தித் தூரிகைகளை அலசிக்கொண்டிருந்தாள். பாறைக்கு அந்தப் பக்கம் அண்ணன் அன்றைய முதல் கூட்டத்துக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். இருபத்தைந்து வருஷமாக அவன்தான் அங்கே வழிகாட்டி, இருபத்தைந்து வருஷமாக அதே கதை. எங்கே குரலை இறக்குவான், எங்கே தொண்டை அடைத்ததுபோல் நிறுத்துவான், எந்த இடத்தில் பெண்கள் "அய்யோ" என்பார்கள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

"வௌவால் எச்சம் அள்ள வந்தவங்க அவன். தோட்டத்துக்கு உரம். முதுகுல ஏணி, கையில எண்ணெய் விளக்கு. அதோ, அந்த மேல் திட்டுல ஏறினான். ஏணி சரிஞ்சுது, விழுந்துது, ரெண்டா ஒடிஞ்சுது. கத்தினான். யாருக்குக் கேக்கும்? நாளுக்கு ஒரு படியா, விளக்குப் புகையாலயே சுவர்ல ஒரு ஏணி வரைஞ்சான். ஒண்ணு, ரெண்டு, மூணு... ஏழாவது படியோட எண்ணெய் தீர்ந்துபோச்சு. அதனாலதான் இது ஏணிக்காரன் குகை. நிமிர்ந்து பாருங்க. அவன் போட்ட கடைசிக் கோடு... இதோ!"

"இதோ"வுக்குப் பிறகு "அய்யோ" வரவேண்டும். வரவில்லை.

"எங்கேங்க? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றது ஒரு பெண் குரல்.

"கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாரு" என்றது ஓர் ஆண் குரல்.

"போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்!"

அண்ணன் தொண்டையைக் கனைத்தான். "அது வந்து... இன்னைக்கு ஏணிக்காரனுக்கு லீவுங்க. ஈரம் ஜாஸ்தி ஆனா ஒளிஞ்சுக்குவான். வாங்க, அடுத்த அறையில யானைக்காது மாதிரி ஒரு பாறை இருக்கு."

கூட்டம் சிரித்துக்கொண்டே நகர்ந்தது. பஞ்சுவின் கையிலிருந்த தூரிகை தொட்டிக்குள் விழுந்தது. அதை எடுக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

அவளுக்குப் பஞ்சு என்று பெயர் வந்ததே அந்த வேலையால்தான். குகைச் சுவரில் ஊர் பேர் தெரியாதவர்கள் கிறுக்கிவைத்ததைத் துடைப்பது அவள் வேலை. மெழுகுவர்த்திப் புகையால், கரியால், உதட்டுச் சாயத்தால் எழுதியிருப்பார்கள். பாதிக்கு மேல் காதல். "உலகத்துக் காதலையெல்லாம் அழிச்சுச் சம்பாதிக்கிறா என் பொண்டாட்டி" என்பார் அவள் கணவர்.

எதைத் துடைப்பது, எதை விடுவது என்பதற்குக் குகை அலுவலகத்தில் ஒரு முறை இருந்தது. குச்சியில் பஞ்சைச் சுற்றி, சுத்தமான நீரில் நனைத்து, கோட்டின் ஓரத்தில் ஒற்றிப் பார்க்கவேண்டும். சுண்ணாம்புப் பாறையில் கசியும் தண்ணீர் காலப்போக்கில் சுவர்மேல் கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய தோலைப் பூசிவிடும். பழைய கோடு அந்தத் தோலுக்கு அடியில் இருக்கும். பஞ்சில் ஒட்டாது, அதைத் தொடக்கூடாது. நேற்றைய கோடு மேலேயே நிற்கும். பஞ்சு கறுத்துவிடும், துடைத்துவிடலாம். அதுபோக, துடைக்கவே கூடாத பழைய படங்களைச் சுற்றி அலுவலகத்தார் சிவப்பு நூல் கட்டிவைத்திருந்தார்கள்.

ஏணிக்காரனைச் சுற்றி நூல் கட்டவில்லை. ஊருக்கே தெரிந்த படத்துக்கு எதற்கு நூல் என்று விட்டிருந்தார்கள்.

முந்தைய நாள் திங்கள்கிழமை, குகைக்கு வார விடுமுறை. பஞ்சு சாரத்தில் ஏறி, சுவரில் ஒரு சாண் அகலச் சட்டத்தை வைத்து, அந்தச் சட்டத்துக்குள் இருப்பதை மட்டும் பார்த்து, முடிந்ததும் அடுத்த இடத்துக்கு நகர்த்தி வேலை செய்தாள். மூக்கு சுவரில் இடிக்கிற தூரம், நெற்றியில் கட்டிய விளக்கு. அந்தச் சுவரில் அவள் ஏறியது அதுதான் முதல் தடவை. அப்படிப் பார்க்கிறவளுக்கு ஏணி எங்கே தெரியும்? ஒரு சட்டத்தில் ஒரு குறுக்குக்கோடு. அடுத்த சட்டத்தில் ஒரு நெடுக்குக்கோடு. ஒற்றினாள், பஞ்சு கறுத்தது. துடைத்தாள்.

கூட்டத்தை வழியனுப்பிவிட்டு அண்ணன் மூச்சிரைக்க வந்து நின்றான்.

"என்னடி பண்ணித் தொலைச்ச?"

"நான் என்னத்தக் கண்டேன்? பஞ்சு கறுத்துச்சு, தொடச்சேன்."

"முழுசாவா?"

"அரைகுறையா வேலை செஞ்சு பழக்கம் உண்டா எனக்கு?"

சொன்ன பிறகுதான் அவள் என்ன சொல்கிறாள் என்பது அவளுக்கே உறைத்தது. தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணே... அது அவன்தானா? நான் ஏணிக்காரனையா தொடச்சுட்டேன்?"

"இல்ல, எங்க மாமனாரை! கேக்கறா பாரு கேள்வி."

"வெள்ளிக்கிழமை வர்றாங்களே!"

அதுதான் விஷயம். வெள்ளிக்கிழமை மூன்று பேர் கொண்ட குழு வருகிறது. பழமையான இடங்களின் பட்டியலில் குகையைச் சேர்ப்பதற்காக வருகிறார்கள். பெயருக்குச் சான்று இருந்தால் ஏணிக்காரன் குகை என்றே பதிவாகும். இல்லாவிட்டால் நாலாம் எண் சுண்ணாம்புக் குகை. அந்த மலையில் ஏற்கெனவே ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் இருந்தன. அவற்றை யாரும் சீந்துவதில்லை. அவர்கள் வருவதற்குள் சுவர் பளிச்சென்று இருக்கவேண்டும் என்றுதான் திங்கள்கிழமை அவளைச் சாரத்தில் ஏற்றியதே.

அண்ணன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "இந்தா, அழுது ஊரைக் கூட்டாத. சாரம் இன்னும் பிரிக்கல. ஒரு மெழுகுவத்தி போதும். பத்து நிமிஷ வேலை."

"என்ன பத்து நிமிஷ வேலை?"

"திரும்பப் போட்டுடலாம். ரெண்டு நெடுக்கு, ஏழு குறுக்கு. என்ன பெரிய சிற்பமா?"

பஞ்சு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "செத்தவன் போட்ட கோட்டை நீ போடுவியா? உனக்கு நெஞ்சு கூசல?"

அண்ணன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். பிறகு மென்று விழுங்கிவிட்டு, "உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்று முணுமுணுத்தபடி அடுத்த கூட்டத்தைப் பார்க்கப் போய்விட்டான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கணவர் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தார். வாயில் நாலைந்து குண்டூசிகள்.

"ஏங்க, நான் ஒரு பேரைத் தொடச்சுட்டேன்."

"ம்?"

"குகையோட பேரை."

அவர் ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துத் திண்டில் குத்தினார். அதற்குள் அவள் முழுவதையும் கொட்டித் தீர்த்தாள். அண்ணன் மெழுகுவர்த்தி விஷயத்தையும் விடவில்லை.

"வேணும்னா செஞ்ச?"

"இல்ல."

"பஞ்சு கறுத்துச்சா?"

"கறுத்துச்சுங்க. கன்னங்கரேல்னு."

"அப்போ அதைப் போய் உங்க மேடத்துகிட்டச் சொல்லு. போன வருஷம் மாப்பிள்ளைக் கோட்டுக்கு ரெண்டு இடது கை வெட்டினேனே, ஞாபகம் இருக்கா? அன்னைக்கே போய்ச் சொன்னேன். வாய்க்கு வந்தபடி திட்டினாங்க. ஆனா துணி வாங்க நாள் இருந்துது."

"அண்ணன் சொல்லவேணாம்கிறான்."

"உங்கண்ணன் ரெண்டு இடது கையோடயே மாப்பிள்ளையை மேடை ஏத்துற ஆளு. நீ சாப்பிடு."

அவளால் சாப்பிட முடியவில்லை. தட்டைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டு எழுந்துபோய்க் கை கழுவினாள். வேலை போய்விடுமே என்ற பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். குகை இருட்டுக்குள் உயிரை விட்டவன், உலகத்தில் அவன் விட்டுப்போனது ஒன்பது கோடு. அதையும் ஒருத்தி ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டாளே என்பதுதான் அவளைப் பிடுங்கித் தின்றது.

மறுநாள் காலை அலுவலகம் திறந்ததும் போய் நின்றாள். குகையின் பொறுப்பு அதிகாரியான மேடம் அவளைவிட இருபது வயது சின்னவள். ரப்பர் காலணியைப் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "உட்காருங்க பஞ்சக்கா, ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்றாள்.

பஞ்சு உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். மேடம் போட்ட காலணி ஒன்று, போடாத காலணி ஒன்றுமாக அப்படியே இருந்தாள்.

"முழுசும் போயிடுச்சா?"

"ஆமா மேடம்."

"அக்கா, அந்தப் பேருக்கு வேற சாட்சியே கிடையாது. ஒரு புத்தகத்துல இல்ல, ஒரு பழைய காகிதத்துல இல்ல. அந்தப் படம்தான். குழுகிட்ட நான் எதைக் காட்டுவேன்?" குரல் கோபமாக இல்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "நான் மேல எழுதித்தான் ஆகணும். எழுதினா உங்களை வேலையில வெச்சுக்க விடமாட்டாங்க. என் கையில ஒண்ணும் இல்லக்கா."

அண்ணனையும் கூப்பிட்டு அனுப்பினாள். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கியபடி வந்து நின்றான்.

"நீங்க நேத்தே பாத்திருப்பீங்களே. நாலு கூட்டம் கூட்டிட்டுப் போனீங்க. ஏன் எங்கிட்டச் சொல்லல?"

அண்ணன் கூரையைப் பார்த்தான். பஞ்சு முந்திக்கொண்டாள். "அவன் மேல தப்பில்ல மேடம். சொல்ல வந்தான். நான்தான் கையைப் பிடிச்சுக் கெஞ்சி வேணாம்னேன். எழுதறதை என் பேர்ல மட்டும் எழுதுங்க."

மேடம் பேனாவை எடுத்தாள். இரண்டு வரி எழுதியும்விட்டாள்.

"அவ பொய் சொல்றா மேடம்" என்றான் அண்ணன்.

"நீ சும்மா இருண்ணே."

"நீ சும்மா இரு. வாழ்நாள்ல பொய் சொல்லத் தெரியாதவ எனக்காகச் சொல்றா, நான் மரம் மாதிரி நின்னுட்டிருக்கேன்." தொப்பி பந்துபோல் ஆகிவிட்டது. "மேடம், அவ தொடச்சது ஏணிக்காரன் போட்ட கோடு இல்ல. நான் போட்டது."

மேடம் பேனாவைக் கீழே வைத்தாள்.

"வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் சாம்பலா ஒரு நிழல் மாதிரிதான் தெரிஞ்சுது. ஜனங்க எங்கே எங்கேன்னு கேட்டுட்டு, இதுக்கா டிக்கெட்டுன்னு திட்டிட்டுப் போனாங்க. கண்ணுக்குத் தெரியட்டுமேன்னு மெழுகுவத்திப் புகையால அதுமேலயே ஒரு இழுப்பு இழுத்தேன். மறுவருஷம் மங்கிச்சு, மறுபடியும் இழுத்தேன். கண்ணுக்கு மை தீட்டற மாதிரிதான் மேடம். கூட்டம் சேர்ற சீசனுக்கு முன்னாடி வருஷத்துக்கு ஒரு தடவை."

பஞ்சுவுக்குக் காதில் விழுந்தது மண்டையில் ஏறச் சிறிது நேரம் பிடித்தது. ஏறியதும் பொங்கிவிட்டாள்.

"அடப்பாவி! அதான் பஞ்சு கறுத்துச்சா? நேத்துப் பூரா நான் செத்துச் செத்துப் பொழைச்சேனே, பாத்துட்டுத்தானே இருந்த? பத்து நிமிஷ வேலையாம்! கைப்பழக்கம், ஏன் இருக்காது?"

"சொன்னா என் வேலை போயிடுமேடி."

"என் வேலை போனா பரவாயில்ல?"

"அதான் இப்ப சொல்லிட்டேனே!"

"ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க." மேடம் எழுந்துவிட்டாள். எழுதிய தாள் அதுபாட்டுக்கு மேசையில் கிடந்தது. "அதுமேலயேன்னீங்களே. அதே கோட்டு மேலயா? தள்ளி, கிள்ளி...?"

"மயிரிழை மாத்தல மேடம். சத்தியமா."

"அப்போ பஞ்சக்கா எடுத்தது உங்க மெழுகுவத்தியை. அடியில இருக்கறது?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேடம் இன்னொரு காலணியைப் போட்டுக்கொண்ட வேகத்தில் அதன் குதிப்பக்கம் மடங்கிக்கொண்டது. கழற்றித் திரும்பப் போட்டாள்.

சாரத்தில் பஞ்சுதான் முதலில் ஏறினாள். பின்னாலேயே மேடம் ஏறி, கைவிளக்கைச் சுவருக்கு நேராகப் பிடித்தாள். வெள்ளை. எங்கே பார்த்தாலும் கழுவிய தட்டுமாதிரி வெள்ளை.

"நேரா பிடிச்சா முகத்துல அடிக்குது மேடம். பக்கவாட்டுல, சுவரோட ஒட்டிப் பிடிங்க. கண்ணாடியில கீறல் பாக்கற மாதிரி."

மேடம் விளக்கைச் சாய்த்தாள். பஞ்சு தண்ணீரை மெல்லத் தெளித்தாள். நனைந்த இடத்தில், ஆழத்திலிருந்து எழுந்து வருகிறதுபோல, சாம்பல் நிறத்தில் ஒரு குறுக்குக்கோடு தெரிந்தது. அதற்குக் கீழே இன்னொன்று.

அவள் புதுப் பஞ்சைக் குச்சியில் சுற்றினாள். சுற்றச் சுற்ற நழுவியது. ஒருவழியாக நனைத்துக் கோட்டின்மேல் வைத்து அழுத்தினாள். எடுத்து விளக்கில் காட்டினாள்.

"வெள்ளை" என்றாள். மறுபடி ஒற்றினாள், இன்னும் அழுத்தி. "வெள்ளை மேடம்! பஞ்சு வெள்ளை! அண்ணே, அவன் இருக்கான்! தோலுக்கு அடியில பத்திரமா இருக்கான்!"

கீழே நின்ற அண்ணன் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டான். பஞ்சுவின் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. சாரத்துக் குழாயில் நெற்றியை முட்டுக்கொடுத்து மூக்கை உறிஞ்சினாள். மேடமும் அதையேதான் செய்தாள், கைக்குட்டையால், நாகரிகமாக.

பிறகு எண்ணினார்கள். மேலிருந்து ஏழு. ஏழோடு நிற்கவேண்டும். பஞ்சு பழக்கதோஷத்தில் அதற்குக் கீழேயும் தண்ணீர் தெளித்தாள்.

"மேடம், இங்க இன்னொண்ணு இருக்கு."

எட்டு. அதன்கீழே ஒன்பது. சாரத்தில் ஒரு தட்டு இறங்கினார்கள். பத்து, பதினொன்று. கீழே போகப்போகத் தோல் தடித்தது, கோடு ஆழத்தில் போனது. விளக்கை எப்படியெல்லாமோ சாய்த்துப் பார்த்தார்கள். இருபத்திரண்டு.

"இருபத்திரண்டு நாள் இருந்திருக்கானா?" என்றான் அண்ணன், எழுந்து நின்று. "கடவுளே! ஏழுக்கே அழுவாங்க."

மேடம் விரலால் காற்றில் ஒவ்வொரு படியாகத் தொட்டுக்கொண்டே போனாள். "நாள் இல்ல. அடுத்தடுத்த நாள் போட்டிருந்தா எல்லாத்து மேலயும் தோல் ஒரே கனமாதான் இருக்கும். இங்க கீழ்ப்படி மேல தடிமன், மேல்படி மேல மெல்லிசு. ஒவ்வொண்ணும் காலம் தள்ளித் தள்ளிப் போட்டது. எச்சம் அள்ள எப்போ வருவாங்க?"

"வருஷத்துக்கு ஒரு தடவைன்னு சொல்வாங்க. விதைக்கு முன்னாடி."

"வருஷத்துக்கு ஒரு படி. வேலையை முடிச்சு இறங்கும்போது ஒரு கோடு. இருபத்திரண்டு வருஷம் வந்திருக்கார், இருபத்திரண்டு வருஷமும் நல்லபடியா இறங்கி வீட்டுக்குப் போயிருக்கார்."

அண்ணன் சாரத்தடிக்கு வந்து அண்ணாந்து பார்த்தான்.

"அப்போ அவன் சாகவே இல்லையா?"

"இங்க சாகல."

"இருபத்தஞ்சு வருஷமா, நாளுக்கு நாலு வேளை, நான் அவனைச் சாகடிச்சிருக்கேன் மேடம்!"

பஞ்சுவுக்கு அடக்க முடியவில்லை. சாரம் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். மேடத்துக்கும் தொற்றிக்கொண்டது. கடைசியில் அண்ணனும், வெட்கத்தோடு சேர்த்து.

வெள்ளிக்கிழமை குழு வந்தது. மூவரில் மூத்தவர் சாரத்தில் ஏறி, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஒவ்வொரு படியாகப் பார்த்தார். கீழே அண்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மெழுகுவர்த்தி விவகாரத்தை அவனே தன் வாயால் சொல்லவேண்டும் என்பது மேடத்தின் கட்டளை. சொன்னான். மூத்தவர் கண்ணாடிக்கு மேலாக அவனை முறைத்தார்.

"இந்தப் புகையைத் துடைச்சது யாரு?"

பஞ்சு கையைத் தூக்கினாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல.

"துடைக்காம வெச்சிருந்தீங்கன்னா நாங்க வந்து பாத்து, மெழுகுப் புகை, புதுசுன்னு எழுதிட்டுப் பத்து நிமிஷத்துல கிளம்பியிருப்போம். பேரும் போயிருக்கும்." அவர் இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டார். "ஏணிக்காரன் குகைன்னே போடுங்க. காரணத்தை மட்டும் மாத்தி எழுதுங்க."

அண்ணனுக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கிடைத்தது. தீப்பெட்டியோ மெழுகுவர்த்தியோ இனிக் குகைக்குள் கொண்டுபோகக்கூடாது என்று அதில் மேடம் கோடிட்டு எழுதியிருந்தாள். பஞ்சுவின் பெயரில் எழுதிய இரண்டு வரியை அவள் கண்ணெதிரேயே கிழித்துப்போட்டாள்.

சாயங்காலம் அண்ணனும் தங்கையும் பேருந்து நிறுத்தத்தில் நின்றார்கள். பஞ்சு வழியில் வாங்கிய ரொட்டியைப் பொட்டலத்திலிருந்து பிய்த்துப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். மூன்று நாள் பசி.

"எனக்கும் ஒரு துண்டு கொடேன்."

"மொதல்ல மன்னிப்புக் கேளு."

"கேட்டேனே, காலையில."

"அது குழுகிட்ட. எங்கிட்டக் கேக்கல."

"சரி தாயே, மன்னிச்சுக்க." துண்டை வாங்கி வாயில் போட்டுக்கொண்டான். கொஞ்ச நேரம் மென்றான். "எல்லாம் சரி. நாளைக்குக் காலையில நான் ஜனங்ககிட்ட என்னத்தச் சொல்வேன்?"

"நடந்ததைச் சொல்லு. ஏறினான், எச்சம் அள்ளினான், கோடு போட்டான், இறங்கினான், வீட்டுக்குப் போனான்."

"இதுல கதை எங்கடி இருக்கு?"

"ஏணிக்காரன் பொண்டாட்டியைக் கேட்டிருக்கணும், இருக்கா இல்லையான்னு" என்றாள் பஞ்சு. "வருஷா வருஷம் இருட்டற நேரத்துல வாசல்லயே நின்னிருப்பா. அவன் எச்ச நாத்தத்தோட வந்து நின்னதும், போய்க் குளிடான்னு திட்டியிருப்பா. இருபத்திரண்டு தடவை."

அண்ணன் மெல்லுவதை நிறுத்தினான். "குளிடான்னு சொல்லியிருப்பாளா?"

"டா போட்டுச் சொல்லியிருக்கமாட்டா. வேற மாதிரி சொல்லியிருப்பா. அது உன் வேலை, நீ யோசி."

பேருந்து வந்தது. ஏறும்போதே அவன் உதடு அசைவதைப் பார்த்தாள். உட்கார்ந்த பிறகும் ஜன்னல் பக்கம் திரும்பி, தனக்குத்தானே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான். பஞ்சு மிச்ச ரொட்டியை முடித்தாள்.